அதிர்றதெல்லாம் பாஸ் இல்லீங்க சாமிகளா!

மக்களே, இது கொஞ்சம் கோவத்துல எழுதுற பதிவு. நீளமும் ஜாஸ்தி. ஆணி அதிகமா இருக்குறவங்க சாயங்காலமா வந்து படிங்க.

போன ஞாயித்துக்கிழமை எங்க சித்தி பையன் குன்றத்தூர்ல இருந்து வண்டியில வந்து இறங்கினான். காலேஜ் ரெண்டாவது வருஷம். "அண்ணா, இயர்போன் வாங்கணும். நீதான் எப்ப பாத்தாலும் காதுல மாட்டிக்கிட்டு திரியற ஆளு. கூட வா"ன்னான். வாரம் பூரா பொட்டி தட்டுறவனுக்கு ஞாயித்துக்கிழமை தூக்கம்தான் ஒரே சொத்து. இருந்தாலும் தம்பி கூப்பிடுறானேன்னு மாங்காட்டுல இருந்து குமணன்சாவடி வரைக்கும் போனோம்.

கடைக்காரர் நல்ல மனுஷன். என்ன வேணும்னு கேக்கவே இல்லை. தம்பி மூஞ்சிய பார்த்தாரு, ஒரு டப்பாவை எடுத்து பிரிச்சாரு, தன்னோட போன்ல ஒரு குத்துப்பாட்டு ரீமிக்ஸை போட்டாரு, வால்யூமை கடைசி வரைக்கும் தள்ளினாரு. "போட்டு பாரு தம்பி. எப்டி அதிருது!"

தம்பிக்கு கண்ணு விரிஞ்சுது. இருபது செகண்டு இருக்கும். "அண்ணா, செம பாஸ்ண்ணா!" காசு குடுத்தாச்சு, வந்தாச்சு.

வீட்டுக்கு வந்து நான் வாங்கி மாட்டிக்கிட்டு ராஜா சாரோட ஒரு எண்பதுகள் பாட்டை போட்டேன். சத்தியமா சொல்றேன், பாஸ் கிட்டாரை காணோம். "தும் தும்"னு ஒண்ணு வந்துது. அது டிரம்மா, தபேலாவா, கிட்டாரா, இல்ல மேல் வீட்டுல உரல்ல ஏதாவது இடிக்கிறாங்களான்னு தெரியலை. பாடுறவர் பக்கத்து ரூம்ல கதவை சாத்திக்கிட்டு பாடுற மாதிரி இருந்துது.

டப்பா மேல மட்டும் கொட்டை எழுத்துல பாஸ், பாஸ், பாஸ். அதுல ஆரம்பிச்சதுதான் இந்த கொலைவெறி.

என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடுறேன். பாஸ் வேணும்னு கேக்குறது தப்பே இல்லை. ஆனா பாஸுன்னு சொல்லி நமக்கு விக்கிறதுல பாதிக்கு மேல பாஸே இல்லை. அதை கண்டுபிடிக்க முடியாம போறதுக்கு காரணம், நாம கையில வெச்சிருக்குற ஒரே அளவுகோல், "அதிருதா?"ங்குறதுதான். அந்த அளவுகோலை தூக்கி கூவத்துல போடுங்க.

முதல்ல மேதாவிங்க பஞ்சாயத்து

எங்க ஆபீஸ்ல ஒரு சீனியர் இருக்காரு. இருபதாயிரம் ரூபா இயர்போன், அதுக்கு தனியா ஒரு கருவி, அதுக்கு தனியா ஒரு தோல் பை. அவர்கிட்ட போய் "பாஸ் நல்லா இருக்குற மாதிரி ஒண்ணு சொல்லுங்க"ன்னு கேட்டா, பிரியாணி கடையில போய் தயிர் சாதம் கேட்டவனை பாக்குற மாதிரி பாப்பாரு. "பாஸ் கேக்குறவன் ரசிகனே இல்லப்பா. அது ஆட்டோ ஸ்டாண்டு ரசனை."

ஏன் சார், ஆட்டோ ஸ்டாண்டுக்கு என்ன குறைச்சல்? அங்க வாசிக்கிறதும் ராஜாதான், ரகுமான்தான்.

நம்ம ஊரு இசையில பாஸ் இல்லாத இடம் எது? மிருதங்க வித்வான் கச்சேரிக்கு முன்னாடி இடந்தலையில, அதாவது தொப்பியில, ரவையை தண்ணி விட்டு பிசைஞ்சு அப்புறாரே, எதுக்கு? அந்த பக்கம் ஸ்ருதி இறங்கி "தொம்"னு கும்முன்னு வரணும்னுதானே? கச்சேரி முடிஞ்சதும் சுரண்டி எடுத்துட்டு, அடுத்த கச்சேரிக்கு திரும்ப புதுசா அப்புவாரு. ஒரு பிடி பாஸுக்காக ஒவ்வொரு கச்சேரிக்கும் படுற பாடு இது. உறுமியை குச்சியால தேய்ச்சு முனக வைக்கிறது எதுக்கு? அதுவும் அடித்தளத்துக்குத்தான்.

சினிமாவுக்கு வந்தா கேக்கவே வேணாம். 1976ல 'அன்னக்கிளி'யோட உள்ள வந்தவர், எண்பதுகள்ல பாஸ் கிட்டாரை பின்னாடி நிக்கிற வாத்தியமா விடவே இல்லை. பாடுறவங்க ஒரு மெட்டு பாடுவாங்க, கீழ சசிதரனோட பாஸ் கிட்டார் தனியா இன்னொரு மெட்டு பாடிக்கிட்டு போகும். 'பன்னீர் புஷ்பங்கள்' (1981), 'அக்னி நட்சத்திரம்' (1988) பாட்டுங்களை பொறுமையா கீழ்ப்பக்கம் மட்டும் காதை வெச்சு கேட்டு பாருங்க. அப்புறம் 1992ல 'ரோஜா' வந்துது. கீத் பீட்டர்ஸ் விரல் ரகுமான் பாட்டுங்கள்ல எவ்வளவு வேலை செஞ்சிருக்குன்னு தெரிஞ்சவங்களுக்கு தெரியும். பாஸை எடுத்துட்டா இந்த பாட்டெல்லாம் அஸ்திவாரம் இல்லாத வீடுதான்.

சரி, இதெல்லாம் உணர்ச்சிவசம்னு சீனியர் சொல்லுவாரு. ஆராய்ச்சிக்கே வருவோம். ஜேபிஎல் எல்லாம் வெச்சிருக்குற ஹார்மன் கம்பெனியில (2017ல இருந்து அது சாம்சங் கையில இருக்கு) ஷான் ஆலிவ், டாட் வெல்டின்னு ரெண்டு பேர் வருஷக்கணக்கா ஆளுங்களை உக்கார வெச்சு, எந்த சத்தம் பிடிக்குதுன்னு கேட்டு கேட்டு பதிவு பண்ணாங்க. பெரும்பாலானவங்களுக்கு பிடிச்சது ஓரளவு பாஸ் தூக்கலா இருக்குற சத்தம்தான். காதுக்குள்ள சொருகுற ரகத்துக்கு, காது மேல கவுக்குற ரகத்தை விட இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி பாஸ் வேணும்னும் தெரிய வந்துது. இதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்லை. பெரிய ஸ்பீக்கர் முன்னாடி நின்னா பாஸை நெஞ்சும் கேக்கும், காலும் கேக்கும். இயர்போன்ல காது மட்டும்தான். ஈடு கட்ட கொஞ்சம் தூக்கலா வேணும்.

ஆக, பாஸ் கேக்குற தம்பி பட்டிக்காட்டான் இல்லை. மேதாவிங்க தோல் பையை மடிச்சு வெச்சுட்டு போகலாம். :-)

இப்ப கடைக்காரர் பஞ்சாயத்து

பாஸுன்னா என்ன? நாலு வருஷம் ஈசிஇ படிச்சவன், சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ்ல ஒரு தடவை அரியர் வெச்சவன்ங்குற தகுதியில சொல்றேன். ஹிஹி.

நம்ம காதுக்கு எட்டுறது சுமாரா 20 ஹெர்ட்ஸ்ல இருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும். நாலு கம்பி பாஸ் கிட்டாரோட அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸ். அடுத்தது 55, அதுக்கடுத்தது 73, கடைசி கம்பி 98. ஆம்பளை குரலோட அடி ஸ்வரம் பேச்சுல 85ல இருந்து 180 வரைக்கும் நடமாடும். அதாவது பாஸோட மேல் மாடியும் குரலோட கீழ் மாடியும் ஒண்ணுதான்.

மலிவா "அதிர" வைக்கணும்னா ஈஸியான வழி, இந்த மாடியை, 100ல இருந்து 250 ஹெர்ட்ஸ் வரைக்கும், புஸ்ஸுன்னு ஊத வைக்கிறது. உடனே "கும்"முன்னு இருக்கும். ஆனா ரெண்டு விஷயம் நடக்கும். ஒண்ணு, 41, 55ல இருக்குற நிஜமான ஆழம் இந்த ஊதலுக்கு கீழ காணாம போகும். எந்த ஸ்வரம் வாசிச்சாலும் ஒரே "தும்"மா வரும். ரெண்டு, குரல் மூடிக்கும். பலமான தாழ்ந்த சத்தம் தனக்கு மேல இருக்குற சத்தங்களை மறைக்கும். இது காதோட சுபாவம்.

எங்க தெருவுல ஆடி மாசம் கூழ் ஊத்துறப்போ மைக் செட் போடுற அண்ணாச்சி ஒருத்தர் இருக்காரு. ஆள் உசரத்துக்கு பாக்ஸ் அடுக்குவாரு. சின்ன வயசுல எங்க வீட்டு ஜன்னல் கிரில்லு, ஷோகேஸ்ல இருக்குற எவர்சில்வர் டம்ளர் எல்லாம் கடகடன்னு ஆடும். "செம பாஸ்"னு நானும் பசங்களும் குதிப்போம். ஒரு வாட்டி அவர்கிட்டயே போய் சொன்னேன். "அது பாஸ் இல்ல தம்பி, உங்க வீட்டு டம்ளரு"ன்னாரு. அவர் செட் பண்றப்போ பார்த்திருக்கேன். முதல்ல வால்யூமை குறைச்சு வெச்சு மைக்ல பேசுவாரு. பேச்சு தெளிவா வந்த பிறகுதான் பாஸ் திருகு மேல கை வைப்பாரு. எந்த காலேஜுக்கும் போகாதவர். நம்ம கடைக்காரரும் நானும் தம்பியும் செஞ்சது அப்படியே தலைகீழ்.

கடையில செய்யிற சோதனை ஏன் உதவாதுன்னு வரிசையா சொல்றேன்.

1. ஃபுல் வால்யூம். 1933லயே ஃபிளெட்சர், மன்சன்னு பெல் லேப்ஸ் ஆளுங்க ரெண்டு பேர் கண்டுபிடிச்சு சொன்ன விஷயம், சத்தம் குறைவா இருந்தா காதுக்கு பாஸ் ரொம்ப கம்மியா கேக்கும், சத்தம் ஏற ஏற பாஸ் தானா எழும்பி வரும்ங்குறது. அப்ப கடைசி வரைக்கும் தள்ளிட்டா எந்த டப்பாவும் பாஸ் டப்பாதான். அதுவும் போக, கொஞ்சம் சத்தமா இருக்குறதையே மனசு "நல்லா இருக்கு"ன்னு எடுத்துக்கும்.

2. ரீமிக்ஸ் பாட்டு. அதுல பாஸை ஏற்கனவே கிலோ கணக்குல கொட்டி வெச்சிருக்கான். அது பாட்டோட பாஸா, இயர்போனோட பாஸான்னு எப்படி பிரிப்பீங்க?

3. இருபது செகண்டு. ஊதல் பாஸ் முதல் நிமிஷம் ஜிலேபி மாதிரி இருக்கும். அரை மணி நேரத்துல தலை கனக்க ஆரம்பிக்கும். கடையில யாரும் அரை மணி நேரம் நிக்கிறதில்லை.

4. டப்பா வாசகம். "20 ஹெர்ட்ஸ் - 20,000 ஹெர்ட்ஸ்"னு போட்டிருக்கும். எத்தனை டெசிபல் ஏத்த இறக்கத்துக்குள்ளங்குறதை போடலைன்னா அதுக்கு அர்த்தமே இல்லை. "10 மி.மீ. டிரைவர்"னு போட்டிருக்கும். உள்ள இருக்குற குட்டி ஸ்பீக்கரோட அகலம் அது. செருப்பு சைஸை வெச்சு ஓட்டப்பந்தயத்துல யார் ஜெயிப்பான்னு சொல்ற கதைதான்.

5. பேரு. சோனி "எக்ஸ்ட்ரா பாஸ்"னு ஒரு வரிசையே விட்டாங்க. நம்ம ஊரு போட் கம்பெனி "பாஸ்ஹெட்ஸ்"னே பேரு வெச்சாங்க. பேரு வைக்கிறது அவங்க இஷ்டம். அதுல நல்லதும் இருக்கும், சுமாரானதும் இருக்கும். பேரை படிச்சுட்டு காதை மூடிக்கிறது நம்ம தப்பு.

எனக்கு ஏன் இவ்வளவு கோவம்?

ஒரு ஆயிரம் ரூபா சமாச்சாரத்துக்கு இவ்வளவு குதிக்கணுமான்னு கேப்பீங்க. இனிமேதான் விஷயமே இருக்கு. கொசுவத்தி சுத்திக்கிறேன்.

எங்கப்பா அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு பிரஸ் ஷாப்ல இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தாரு. எந்த கம்பெனின்னு இங்க வேணாம். தகடு வெச்சு அமுக்குனா "டங்"னு வெட்டி தள்ளுற பவர் பிரஸ். ஒரு ஷெட்டுக்குள்ள அந்த மாதிரி வரிசையா. காதுக்கு அடைப்பான்னு ஒண்ணு உண்டுன்னு அவருக்கு ரொம்ப நாள் கழிச்சுதான் தெரியும். தெரிஞ்ச பிறகும், போட்டா மேஸ்திரி கூப்பிடுறது கேக்காதுன்னு போட மாட்டாங்களாம். அப்ப நம்ம நாட்டு தொழிற்சாலை விதியில எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல்ங்குறதுதான் எல்லையா இருந்துது. இரைச்சலால காது போறதை 1948 ஃபேக்டரி சட்டத்து அட்டவணையில வியாதியாவே எழுதி வெச்சிருந்தாங்க. எழுதி வெச்சிருந்தாங்க, அவ்வளவுதான்.

இப்ப எங்க வீட்டு டிவி சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்கும். அம்மா "சட்டை"ன்னா அப்பா "கட்டை"யான்னு கேப்பாரு. செவுடுன்னு சொல்ல முடியாது, பேசுறது கேக்கும். ஆனா எழுத்து பிரியாது. டாக்டர் படம் போட்டு காட்டினாரு. இரைச்சல்ல காது போறப்போ முதல்ல 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்துலதான் பள்ளம் விழும். "ச", "ஸ", "ஷ" மாதிரி எழுத்தெல்லாம் அடையாளம் தெரியிறது அந்த மாதிரி உசரத்துலதான். கீழ இருக்குற பாஸ் பக்கம் கோடு கிட்டத்தட்ட சமமா ஓடிக்கிட்டிருந்துது.

ரெண்டு வருஷம் முன்னாடி, அவருக்கு பிடிச்ச பழைய பாட்டு ஒண்ணை என் இயர்போன்ல போட்டு குடுத்தேன். கண்ணை மூடி கேட்டாரு. விரலால தொடையில தாளம் போட்டாரு. பாட்டு முடிஞ்சதும் கழட்டிட்டு கேட்டாரு. "ஏம்பா, இதுல முன்னல்லாம் ஜால்ரா மாதிரி ஒண்ணு கூடவே வருமே, அதை எடுத்துட்டாங்களா?"

யாரும் எதையும் எடுக்கலை. அது அதே பாட்டுல, அதே இடத்துல, அப்படியே இருக்கு.

"ஆமாப்பா, புது பிரிண்ட்ல எடுத்துட்டாங்க போல"ன்னு சொல்லிட்டு மாடிக்கு போயிட்டேன்.

இப்ப தம்பி கதைக்கு வாங்க. ஊதல் பாஸ் குரலை மூடுது. குரல் கேக்கலைன்னா மனுஷன் என்ன செய்வான்? வால்யூமை ஏத்துவான். ஏத்தினா பாஸும் ஏறும், திரும்ப மூடும். அதோட பூந்தமல்லி ரோட்டுல லாரி, தண்ணி வண்டி, பஸ் இன்ஜின் சத்தம் எல்லாம் சேர்ந்தா இன்னும் ரெண்டு புள்ளி ஏத்துவான். தினமும் காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் காலேஜ் பஸ்.

உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கு, 80 டெசிபல்ல வாரத்துக்கு 40 மணி நேரம் கேக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 83னா 20 மணி. 86னா 10 மணி. 89னா 5 மணி. 92னா ரெண்டரை மணி. 95 டெசிபல்னா வாரத்துக்கே ஒண்ணேகால் மணி நேரம்தான். தம்பியோட வால்யூம் அளவை மனசுல வெச்சுக்கிட்டு ஒரு நண்பனோட ஐபோன்ல போட்டு பார்த்தேன், அதுல டெசிபல் காட்டும். துல்லியம்னு சொல்ல மாட்டேன், குத்துமதிப்புதான். தொண்ணூறுக்கு மேல காட்டுச்சு. அவன் வாரத்து கோட்டா செவ்வாய்க்கிழமையே காலி.

2022ல அதே நிறுவனம், 12லிருந்து 35 வயசுக்குள்ள இருக்குற நூறு கோடி பேருக்கு மேல காது கெடுற ஆபத்துல இருக்காங்கன்னு சொல்லுச்சு. என் வயசும் அதுல இருக்கு, இதை படிக்கிற நிறைய பேர் வயசும் இருக்கு. எங்கப்பா சம்பளத்துக்காக அந்த ஷெட்டுக்குள்ள நின்னாரு, அவருக்கு வேற வழி இல்லை. நாம காசு குடுத்து அந்த ஷெட்டை வாங்கி காதுக்குள்ள மாட்டிக்கிறோம்.

இன்னொண்ணு. பாஸ் பைத்தியம் பிடிச்சு இப்படி கேட்டு காதை கெடுத்துக்கிட்டா முதல்ல போறது பாஸ் இல்லை. அது கூடவே இருக்கும். ஜால்ரா போகும், சலங்கை போகும், பேச்சோட ஓரம் போகும். போனது திரும்பாது.

சரி, எப்படித்தான் வாங்குறது?

திட்டிட்டு மட்டும் போக மாட்டேன். நான் செய்யிறதை சொல்றேன்.

ஒண்ணு: ரப்பர். ஆமாங்க, நுனியில இருக்குற ரப்பர்தான். காதுக்குள்ள இயர்போன் பாஸ் வரணும்னா காத்து கசியாம அடைச்சு நிக்கணும். கொஞ்சம் இடைவெளி இருந்தாலும் முதல்ல ஓடிப்போறது பாஸ்தான். டப்பாவுக்குள்ள சின்னது, நடுத்தரம், பெருசுன்னு மூணு ஜோடி குடுக்குறதை நாம கவரோட தூக்கி போட்டுடுறோம். ரெண்டு காதும் ஒரே சைஸா இருக்கணும்னு கட்டாயம் இல்லை. மாட்டிக்கிட்டு வாயை மூடி "ம்ம்ம்"னு சொல்லுங்க. குரல் மண்டைக்குள்ள கும்முன்னு ஒலிச்சா அடைச்சிருக்கு. ஒரு பக்கம் மட்டும் ஒலிக்கலைன்னா அந்த பக்கம் ரப்பரை மாத்துங்க.

ரெண்டு: உங்க பாட்டு. பத்து வருஷமா கேட்டு வரி வரியா தெரிஞ்ச பாட்டு ரெண்டு, உங்க போன்ல வெச்சுக்கிட்டு போங்க. ஒண்ணுல பாஸ் கிட்டார் நல்லா நடமாடணும். இன்னொண்ணு, குரலும் ஒண்ணு ரெண்டு வாத்தியமும் மட்டும் இருக்குறதா இருக்கட்டும். கடைக்காரர் போன்ல கேக்காதீங்க.

மூணு: வால்யூம் பாதிக்கு கீழ. கடையில சத்தம் இருந்தா ஒரு ஓரமா போங்க. வெளிய விடலைன்னா அந்த கடையே வேணாம்.

நாலு: இதுதான் முக்கியம். பாஸ் கிட்டார் வாசிக்கிறதை உங்களால முணுமுணுக்க முடியுதா? மேல போறது, கீழ இறங்குறது, ஒரு இடத்துல நின்னு தாவுறது எல்லாம் தனித்தனியா கேக்குதா? கேட்டா அது பாஸ். வெறும் "தும் தும்"னா அது டம்ளர்.

அஞ்சு: பாடுறவங்க மூச்சு எடுக்குறது கேக்குதா? ஜால்ரா, ஷேக்கர் ஒழுங்கா கேக்குதா? பாஸ் இருக்கும்போதே இதுவும் கேக்கணும்.

ஆறு: ஏற்கனவே வாங்கி மாட்டிக்கிட்டவங்க போன்ல ஈக்வலைசரை திறங்க. 200 ஹெர்ட்ஸ் பக்கத்துல இருக்குற திருகை மூணு நாலு டெசிபல் இறக்குங்க. 60க்கு கீழ ஆசைப்பட்டா கொஞ்சம் ஏத்திக்கோங்க. "பாஸ் பூஸ்ட்"னு ஒரு பட்டன் இருக்கும், அது பக்கமே போகாதீங்க.

வரப்போற சண்டைக்கு முன்ஜாமீன்

"பஸ்ல போறவனுக்கு பாஸ் ஜாஸ்திதான்யா வேணும்." ஒத்துக்குறேன். இன்ஜின் சத்தமும் தாழ்ந்த சத்தம்தான், அது பாட்டோட பாஸை முழுங்கிடும். ஆனா அதுக்கு மருந்து அடைப்பு, வால்யூம் இல்லை. ரப்பர் சரியா நின்னா வெளிச்சத்தம் குறையும். இரைச்சலை குறைக்கிற வசதி இருக்குற இயர்பட்ஸ் இந்த மாதிரி இன்ஜின் உறுமலைத்தான் நல்லா குறைக்கும். காசு இருந்தா அதை வாங்குங்க. ஆனா அதை மாட்டிக்கிட்டு பூந்தமல்லி ரோட்டை கிராஸ் பண்ணாதீங்க, புண்ணியமா போகும். பஸ்ல உக்காந்த பிறகு மாட்டுங்க.

"ரசனை அவனவன் இஷ்டம், நீ யாரு கேக்க?" சரிதான். நல்லா கேட்டு, ரெண்டு மூணை ஒப்பிட்டு, அப்புறமும் எனக்கு பாஸ் தூக்கலாத்தான் வேணும்னா தாராளமா வாங்குங்க, முதல் ஆளா கை தட்டுவேன். நானே கொஞ்சம் தூக்கலா கேக்குற ஆளுதான். ஆனா கடைக்காரர் போன்ல இருபது செகண்டு கேட்டது உங்க ரசனை இல்லை, அவர் ரசனை.

"எழுநூறு ரூபாய்க்கு இவ்வளவு எதிர்பார்ப்பா?" இப்ப சீனாவுல இருந்து ஆயிரம், ரெண்டாயிரம் ரூபாய்க்கு வர்ற ஒயர் வெச்ச இயர்போன்ல சிலது காது குடுத்து கேக்குற மாதிரியே இருக்கு. ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு சுத்து சுத்தினா உங்க பாட்டை போட்டு கேக்க விடுற கடையும் கிடைக்கும். அது கூட வேணாம், கையில இருக்குறதுக்கே ரப்பரை மாத்துறதுக்கு செலவு பூஜ்யம்.

கடைசியா தம்பி கதை. அன்னைக்கு ராத்திரி சாப்பிட்டுட்டு கிளம்புறப்போ அவனை பிடிச்சு உக்கார வெச்சேன். "ம்ம்"னு சொல்லுடான்னேன். இடது காதுல ஒலிக்கலை. டப்பாவை தேடி பெரிய ரப்பரை இடது பக்கம் மாட்டினேன். 200ஐ நாலு இறக்கினேன். வால்யூமை பாதிக்கு கொண்டு வந்தேன். ராஜா பாட்டை போட்டேன்.

முதல்ல முகத்தை சுளிச்சான். "சத்தமே இல்லண்ணா." கொஞ்சம் இருடான்னேன். ரெண்டாவது சரணம் வரப்போ தலை லேசா ஆடுச்சு. அப்புறம் மெதுவா, "அண்ணா, கீழ ஒருத்தன் தனியா ஏதோ வாசிச்சுக்கிட்டே போறான். அவன் யாரு?"ன்னான்.

அவன்தான்டா பாஸ்.

உள்ள டிவி முன்னாடி உக்காந்திருந்த அப்பா, "என்னடா, என்ன வாசு?"ன்னாரு. ரெண்டு பேரும் கொஞ்சம் சத்தமா, எழுத்து எழுத்தா, திரும்ப சொன்னோம்.

டிஸ்கி 1: எழுநூறு ரூபா டப்பாவுக்கு ரப்பர் மாத்தினா இருபதாயிரம் ரூபா டப்பா ஆயிடும்னு நான் சொல்லலை. என் மேல கேஸ் போடாதீங்க.

டிஸ்கி 2: இதை எழுதுற இந்த நேரத்துல என் வால்யூம் பாதிக்கு கீழதான் இருக்கு. உங்களோடது எவ்வளவுன்னு ஒரு தடவை குனிஞ்சு பாருங்க.